காவலுக்கு வைத்த நாய்

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையோரத்தில், இராமநாதபுரம் சேதுபதி மன்னரால் 1687-இல் கட்டப்பட்டதாகச் சொல்லப்படும் திருமயம் கோட்டையின் புறமதிலை ஒட்டி, கோட்டை பைரவர் வடக்கு நோக்கி எழுந்தருளியிருக்கிறார். அவ்வழியே வண்டி ஓட்டிச் செல்வோர் நிறுத்தி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் புறப்படுவது நெடுங்கால வழக்கம். பைரவர் சிவபெருமானின் காவல் வடிவம். க்ஷேத்திரபாலர், அதாவது தலத்தைக் காப்பவர், என்றும் அவரைக் குறிப்பிடுவதுண்டு. அவருடைய வாகனம் நாய். பல சிவாலயங்களில் அர்த்தசாம பூசை முடிந்து நடை சாத்தும்போது சாவியை அவர் திருமுன் வைத்து எடுக்கும் மரபும் இருக்கிறது. நாயையும் காவலையும் சேர்த்தே நினைக்கும் மனப்பாங்கு இந்த வட்டாரத்தில் இவ்வாறு ஊறியிருந்தும், சன்னதியில் மாலையோடு நிற்கும் நாய்க்குக் கிடைக்கும் மரியாதை கொல்லைப்புறத்தில் கட்டிக் கிடக்கும் நாய்க்குக் கிடைப்பதில்லை.

தமிழகத்தில் காவல் நாய்க்கு எழுத்துச் சான்றே உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள, முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில், அதாவது போரிலோ பூசலிலோ இறந்த வீரனுக்காக நடப்பட்ட நினைவுக்கல்லில், வீரனின் உருவத்தோடு அவனுடைய நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் பெயருடைய அந்த நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியையும் அந்தக் கல் சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குப் பெயர் இருந்தது, அந்தப் பெயரைக் கல்லில் வெட்டவும் ஆள் இருந்தது என்பதே இங்கே கவனிக்கத் தக்கது. பெயர் சொல்லி அழைத்து, உடன் வைத்துக்கொண்டு வளர்த்த நாய்தான் அப்படி நின்றிருக்கும்.

இன்று வீட்டுக் காவலுக்கெனத் தமிழ்நாட்டில் விரும்பி வளர்க்கப்படும் நாட்டின நாய்களுள் முதன்மையானவை இரண்டு. விருதுநகர் மாவட்டத்து ஊரின் பெயரைத் தாங்கிய ராஜபாளையம், வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் இரண்டடிக்கு மேற்பட்ட உயரமும் உடையது. வேட்டைக்கும் பயன்பட்ட இந்த இனத்துக்கு அஞ்சல் துறை 2005-இல் தபால்தலை வெளியிட்டது. தேனி மாவட்டத்துக் கோம்பை அதைவிடச் சற்றுக் குள்ளம், கட்டுமஸ்தான உடல், செம்பழுப்பு நிறம், கருத்த முகவாய் கொண்டது. சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடித் துரத்தும் வேட்டை இனங்கள். அவற்றை வாசலில் கட்டி வைத்துக் காவல் எதிர்பார்ப்பது அவற்றின் கால்களுக்குச் செய்யும் அநியாயம். இவற்றை விட்டுவிட்டு ராட்வீலர், கேன் கோர்சோ போன்ற வெளிநாட்டுப் பெருநாய்களை ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்குவோரும் இருக்கிறார்கள். வெயிலைப் பற்றி அவர்கள் கூடுதலாகக் கவலைப்படவேண்டும் என்பதைத் தவிர, இனிச் சொல்லப்போவது அவர்களுக்கும் பொருந்தும்.

பெரிய நாயின் காவல் குணம் கடுமையிலிருந்து பிறக்கிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதனாலேயே சிலர் குட்டியை இருட்டில் அடைத்து வைக்கிறார்கள், மிளகாய் கலந்த சோறு போடுகிறார்கள், அந்நியர் முகமே காட்டாமல் வளர்க்கிறார்கள். ஆராய்ச்சி இதற்கு நேர்மாறாகப் பேசுகிறது. ஸ்காட், புல்லர் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் 1965-இல் வெளியிட்ட நூலில், மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலத்தை நாய்க்குட்டியின் பழகு பருவம் என்று வரையறுத்தனர். அந்தப் பருவத்தில் எந்த உயிரோடு பழகுகிறதோ அதையே குட்டி தன் இனமாக ஏற்றுக்கொள்கிறது. துருக்கியின் கங்கல் போன்ற ஆட்டுக்காவல் நாய்களை மேய்ப்பர்கள் வளர்க்கும் முறையும் இதுதான்: குட்டியை ஆடுகளுக்கு நடுவே விடுகிறார்கள், கடிக்கக் கற்பிப்பதில்லை. ஓநாய்க்கு எதிரே அது நிற்பது ஆட்டின் மீதுள்ள பிணைப்பால்தான். ஆகவே வீட்டுக் குட்டி அந்தச் சில வாரங்களில் பால்காரரையும் தபால்காரரையும் குழந்தைகளையும் மிக்ஸி சத்தத்தையும் பார்த்துக் கேட்டுப் பழகவேண்டும். எது வழக்கமானது என்று தெரிந்த நாய்க்குத்தான் எது வழக்கத்துக்கு மாறானது என்று தெரியும்.

திருமயம் வட்டாரத்தில் இந்தச் செய்திக்குத் தனி அழுத்தம் ஏற்படுகிறது. ராயவரம், கோனாபட்டு முதலிய நகரத்தார் ஊர்களில் முகப்பும் வளவும் இரண்டாம் கட்டுமாக ஒரு தெருவிலிருந்து மறு தெரு வரை நீளும் வீடுகள், கல்யாணத்துக்கும் முன்னோர்க்குச் செய்யும் படைப்புக்கும் மட்டும் திறக்கப்பட்டு, ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. தேக்குக் கதவுக்கும் நிலைக்கும் கள்வர் பயம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பெருநாயைக் கட்டிவிட்டு, வேளைக்கு ஒரு தட்டுச் சோறு வைக்க மட்டும் ஆளை அமர்த்துவது காவலாகாது. யாரைக் காப்பது என்றே அறியாத நாய் எல்லோரையும் பார்த்துக் குரைக்கும், பிறகு யாரைப் பார்த்தும் குரைக்காது. கழுத்தைச் சுற்றி மயிர் உதிர்ந்து, பட்டை அழுத்திய இடத்தில் தோல் தடித்துக் கருத்திருந்தால் அது எத்தனை மணி நேரம் கட்டப்பட்டுக் கிடக்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டியதில்லை. 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவில், அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதையும், வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாயை உரிமையாளர் நடத்தி உலாவவிடாமல் இருப்பதையும் வதை என்றே சொல்கிறது. இந்த இரண்டாவது விதி இருப்பது பலருக்குத் தெரியாது.

உலாவவிடும் நேரத்தையும் இந்த மண்ணே தீர்மானிக்கிறது. திருமயம் பாறைமேல் அமைந்த ஊர். சித்திரை வைகாசியில் பாறையும் தார்ச்சாலையும் பொழுது சாய்ந்த பின்னும் சூட்டை விடுவதில்லை. புறங்கையைத் தரையில் வைத்து ஏழெட்டு நொடி பொறுக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் பொறுக்காது. நாய்க்கு மனிதரைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே வெப்பத்தை வெளியேற்றுகிறது. உடல் பெரிதாகப் பெரிதாக அந்த வேலை கடினமாகிறது. எனவே விடியலில் ஒரு நடை, இருட்டிய பின் ஒரு நடை, நடுவே நிழலும் தண்ணீரும் என்பதே முறை.

உணவில் செய்யப்படும் தவறுகள் பெரும்பாலும் அன்பினால் செய்யப்படுபவை. எலும்பு பலப்படட்டும் என்று வளரும் பெருநாய்க் குட்டிக்குக் கால்சியம் டானிக் ஊற்றுகிறார்கள். தேவைக்கு மேற்பட்டதைத் தள்ளிவிடும் திறன் குட்டியின் குடலுக்கு இல்லாததால், மிகையான சுண்ணாம்புச் சத்து எலும்பைக் கோணலாக்கிவிடும். ஒரே வேளையில் வயிறு முட்டச் சோறு போட்டு உடனே ஓடவிடுவதும் கூடாது. ஆழ்ந்த மார்புடைய பெருநாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் நோய் ஒன்று வருவதுண்டு. வயிறு பறைபோல விம்மி, வாந்திக்கு முயன்றும் ஒன்றும் வராமல் நாய் தவித்தால், சில மணி நேரத்துக்குள் அறுவை செய்தாகவேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. பெரிய சிகிச்சைக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடம் எவ்வளவு தொலைவு, அந்த நேரத்தில் யாருடைய வண்டி கிடைக்கும் என்பதை முன்கூட்டியே விசாரித்து வைப்பது வெறிநாய்க்கடித் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாமல் போடுவதற்கு நிகரான முன்னெச்சரிக்கை. உண்ணியை மண்ணெண்ணெய் தடவி விரட்டும் பழைய கைவைத்தியம் தோலைப் புண்ணாக்குகிறது. விரல் இடுக்கிலும் காது மடலின் உட்புறத்திலும் நாள்தோறும் தடவிப் பார்த்து, கடித்துக்கொண்டிருப்பதைத் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுப்பதே நல்லது. ஈறு வெளிறி, சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும் நாய்க்கு உண்ணிக் காய்ச்சலோ என்று இரத்தத்தைச் சோதிக்கவேண்டும்.

மத்திய அரசு 2024 மார்ச்சில் இருபதுக்கும் மேற்பட்ட இனங்களை ஆபத்தானவை என்று பட்டியலிட்டுத் தடைசெய்யச் சுற்றறிக்கை அனுப்பியதும், கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ததும் செய்தித்தாள் படிப்போர் அறிந்தவை. இனத்தைத் தடுப்பதா வளர்ப்பவரைப் பொறுப்பாக்குவதா என்ற அந்த வழக்காடல் எங்கு போய் முடிந்தாலும், தன் நாயால் பிறருக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ளாதவருக்கு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கப் பாரதிய நியாயச் சட்டத்தின் 291-ஆம் பிரிவு இடம் தருகிறது.

ராஜபாளையம் வாங்குவோர் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். முழு வெண்மையைத் தரும் மரபணுக்கூறு சில குட்டிகளின் உட்காதையும் பாதிப்பதால் பிறவிச் செவிடு இந்த இனத்தில் காணப்படுகிறது. குட்டியின் பின்னால் நின்று கை தட்டிப் பார்த்தால் ஓரளவு தெரியும், ஒரு காது மட்டும் கேளாத குட்டி அந்தச் சோதனைக்குத் தப்பிவிடும். முற்றும் செவிடான குட்டியையும் கழித்துக்கட்ட வேண்டியதில்லை. கையசைவால் ஏவலைக் கற்றுக்கொள்ளும், ஆனால் இரவுக் காவலை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. எட்டு, பத்து ஆண்டுகள் கடந்த நாய்க்கும் காது மந்தமாகிறது. உறங்கும்போது பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கக்கூடும் என்பதால், வீட்டிலுள்ளோர் முன்பக்கமாக வந்து, அதிர்வு தெரியும்படி தரையைக் காலால் தட்டிவிட்டுப் பிறகு தொடவேண்டும்; முக்கியமாக, பேரக் குழந்தைகள் விடுமுறைக்கு வரும் நாட்களில் இதை முதல் நாளே சொல்லிவைக்கவேண்டும்.