கைராசியும் மில்லிநியூற்றனும்

நல்ல சத்திரசிகிச்சை நிபுணரை மக்கள் ‘கைராசிக்காரர்’ என்பர். கத்தி வெட்டுகையில் எழும் எதிர்ப்பை விரல்நுனியாலே உணர்ந்து, எங்கே நிறுத்தவேண்டும் என்பதை அறிந்துகொள்ளும் கை அது என்பதே அப்புகழ்ச்சியின் உட்கிடை. வயிற்றிலும் எலும்பிலும் இது பெரிதும் பொருந்தக்கூடும். கண்ணின் உள்ளே, விழித்திரையின்மீது, அது பொய்த்துவிடுகின்றது.

1999ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதனை அளந்தே காட்டினர். இறந்த பன்றிகளின் கண்களில் விழித்திரைச் சத்திரசிகிச்சை செய்வித்து, கருவி செலுத்திய விசைகளை அவர்கள் பதிவுசெய்தனர். அவற்றுள் 75 சதவீதமானவை 7.5 மில்லிநியூற்றனிலும் குறைந்தவை. ஒரு கிராம் பொருள் உள்ளங்கையை அழுத்தும் விசையே ஏறத்தாழ 10 மில்லிநியூற்றன் என்பதை நினைவிற் கொண்டால் இத்தொகையின் சிறுமை விளங்கும். இவ்வளவு சிறிய விசையோடு நிகழ்ந்த தொடுகைகளுள் ஏறக்குறைய ஐந்திலொன்றையே வைத்தியர்களின் கைகள் உணர்ந்தன. ஏனையவற்றிற் கை கருவியைப் பிடித்திருந்ததேயன்றி, அது தொட்டதை அறியவில்லை. நுணுக்குக்காட்டியினூடே கண் கண்டதை நம்பியே கை இயங்கிற்று.

தொடப்படுவதும் ஊமையே. விழித்திரைக்கு நோவுணர்ச்சி கிடையாது. அது கிழிந்தாலும் நோயாளி முனகமாட்டார். நீரிழிவினால் அதன்மேற் படரும் வடுச்சவ்வை உரித்தெடுக்கையில், கால் மில்லிமீற்றரளவே தடித்த அத்திரையும் உடன் இழுபடுகின்றது. பிழை நேர்ந்தால் இழக்கப்படுவது பார்வை.

அவ்வாறாயின், கருவியின் கைப்பிடியில் ஓர் அளவியைப் பொருத்தினாற் போதாதா எனலாம். போதாது. கருவி கண்ணின் வெண்கோதிலுள்ள சிறு துளையினூடே உட்புகுகின்றது. அத்துளையின் விளிம்பில் உண்டாகும் உராய்வும் அழுத்தமும் நுனியின் மெல்விசையை மூழ்கடித்துவிடும். வாயிற்படியின் இரைச்சலில் அறைக்குள் நிகழும் கிசுகிசுப்புக் கேளாதது போல. ஆகவே அளவியும் கண்ணுக்குள்ளேயே புகவேண்டும். அதே பல்கலைக்கழகத்தில் 2009இல் வெளியான கருவியின் தண்டு அரை மில்லிமீற்றர் தடிப்புடையது. அதனோடு மூன்று ஒளியிழைகள் ஒட்டப்பட்டுள்ளன. ஒவ்வோர் இழையிலும் பொறிக்கப்பட்ட நுண்வரிகள் ஒரு குறிப்பிட்ட அலைநீளமுடைய ஒளியை மட்டும் திருப்பியனுப்பும். தண்டு வளையும்போது இழை நீள்கிறது அல்லது குறுகுகிறது. திரும்பும் ஒளியின் அலைநீளமும் மாறுகிறது. அம்மாற்றத்திலிருந்து கால் மில்லிநியூற்றன் வரை விசையைக் கணிக்கலாம்.

கையால் உணரமுடியாததைச் செவிக்கு உணர்த்தியது அடுத்த படி. விசை வளர வளர ஒலித்துடிப்பு விரைவடையும். இவ்வொலியோடு சவ்வுரித்துப் பழக, கோழிமுட்டையின் உட்சவ்வு உதவியிருக்கிறது என்பது சுவையான செய்தி.

எண் வந்தால் கைத்திறன் மதிப்பிழந்துவிடும் என்று அஞ்சுவோர் இருக்கலாம். அவர்கள் மாணவனின் நிலையைச் சற்று எண்ணிப்பார்த்தல் வேண்டும். ஆசிரியர் அருகில் நின்று ‘மெதுவாக’ என்கிறார். எவ்வளவு மெதுவாக என்பதை அவராற் சொல்லமுடியாது; ஏனெனில் அவருடைய கையும் அதனை உணர்ந்ததில்லை. நீண்டகாலப் பழக்கத்தில் அவர் கற்றது, திரை எவ்வாறு சுருங்குகிறது, அதன் நிறம் எங்கே வெளிறுகிறது என்பனவற்றைப் பார்க்கும் கலையே. மாணவனோ அதுவரை, கிழிந்த பின்னரே தான் அழுத்திய அளவை அறிந்தான். இப்போது அந்த ஒலி, கிழிவதற்கு முன்னரே விரையத் தொடங்குகின்றது.