முத்திரை இல்லாத பீட்

ராப் பாட்டைப் பாடியவரை எல்லோருக்கும் தெரியும். பாடகர் வருவதற்கு முன்பே அந்தப் பாட்டின் இசைப் பின்னணி முழுவதையும் கணினியில் ஆக்கி வைத்தவரை? அவருக்கு 'பீட் மேக்கர்' என்று தொழில் பெயர் உண்டு. சொந்தப் பெயரை யாரும் கேட்பதில்லை.

தில்லியில் என்னோடு தங்கியிருக்கும் அக்கா மகன் இந்த ரகம். வயது 21. சொத்து, ஒரு மடிக்கணினியும் ஹெட்ஃபோனும். இரண்டு வருடமாக முன்பின் அறியாத பாடகர்களுக்கெல்லாம் பீட் அனுப்பினான். போன மாதம் ஒருவர் பணம் கொடுத்து வாங்கி, பாடி, வெளியிட்டார். பாட்டின் கீழே படம் பிடித்தவர் பெயர் இருந்தது. உடை தந்த கடையின் பெயர்கூட இருந்தது. இவன் பெயர் இல்லை.

"கேளேன்டா" என்றேன்.

"கேட்டா அடுத்த தடவை கூப்பிட மாட்டாங்க, சித்தி."

மொழிபெயர்த்துப் பிழைக்கும் எனக்கு இந்தப் பயம் பழக்கமானது. நான் தமிழாக்கிய நூல் ஒன்று என் பெயர் இன்றியே வெளிவந்தது. பதிப்பாளர் சொன்ன காரணம், இடம் போதவில்லையாம்.

இவன் தலைமுறைக்கு ஒரு புராணக் கதை உண்டு. நெதர்லாந்து இளைஞர் யங்கியோ இணையத்தில் விற்பனைக்கு வைத்த பீட்டை, அன்று பெயர் தெரியாதவராக இருந்த லில் நாஸ் எக்ஸ் 30 டாலருக்கு வாங்கினார். 2018 டிசம்பரில் வெளியான அந்த 'ஓல்ட் டவுன் ரோட்', 2019இல் அமெரிக்காவின் பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் இருந்தது. ஆக்கியோர் பட்டியலில் யங்கியோவும் உண்டு. பீட்டில் எடுத்தாளப்பட்ட இசைத்துண்டின் சொந்தக்காரர்கள் ட்ரென்ட் ரெஸ்னர், அட்டிகஸ் ராஸ் பெயர்களும் சேர்ந்தன. என் அக்கா மகன் 30 டாலரையும் 19 வாரத்தையும் சொல்வான். எனக்கு அந்தப் பட்டியல்தான் கண்ணில் படுகிறது.

பணத்தை நம்பிப் பயனில்லை. 12 மாதங்களில் ஆயிரம் முறையாவது ஒலிக்காத பதிவுக்கு 2024 முதல் ஸ்பாட்டிஃபை உரிமைத் தொகை தருவதில்லை. அறிமுகமில்லாதவனுக்குப் பெயர்தான் கூலி.

முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைக்குள் 'குருகுஹ' என்று முத்திரை வைத்தார். பீட் செய்பவர்கள் தங்கள் பெயரைக் குரலாகவே இசைக்குள் பதிந்து 'டேக்' என்கிறார்கள். ஆனால் காசு கொடுத்தவருக்குப் பெரும்பாலும் டேக் நீக்கிய பிரதிதான் போகும். முத்திரை கழன்றபின் மிஞ்சுவது காகிதம்தான்.

உரிமையை விற்ற பின்னும், ஆக்கியவன் நானே என்று கோர 1957ஆம் வருடக் காப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு இடம் தருகிறது. சட்டம் தானாக வந்து பெயர் போடாது. விற்கும்போதே இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த இரண்டு வரியை இந்தியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த பீட்டோடு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான்.

எத்தனை பேர் கேட்பார்கள் என்பதை யாரிடமும் எழுதி வாங்க முடியாது. யார் செய்தது என்பதை வாங்கலாம்.