கண்டியிலிருந்து கட்டுநாயக்க வரை

கண்டி நகரத்திலிருந்து கட்டுநாயக்க விமான நிலையம் நூறு கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரம். வேனில் போனால் மூன்று, மூன்றரை மணித்தியாலம். ஆனால் நான் இங்கே எழுதப்போகும் குடும்பத்துக்கு அந்த வழியைக் கடக்க இரண்டு மாதம் பிடித்தது.

அந்த அக்காவின் பெயரை எழுதவில்லை. அவரே அப்படிக் கேட்டுக்கொண்டார். அவருடைய பெற்றோர் கண்டிக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர்கள். 1977 கலவரத்தில் லயத்தை விட்டு வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். அக்கா பிறந்தது அங்கேதான். 1990இல் அவருடைய மூத்த சகோதரி கணவனோடு மன்னாரிலிருந்து படகேறி இராமேஸ்வரம் போய்விட்டார். 2009இல் முள்ளிவாய்க்காலில் தாய் இறந்தார். அக்காவின் வலது தொடையில் செல் துண்டு ஏறியது. அது இன்னும் உள்ளேதான் இருக்கிறது. பிறகு உறவுக்காரர்களைத் தேடிக் கண்டிக்கு வந்து, ஹந்தானைப் பக்கத்தில் திருமணம் செய்து, இன்று இரண்டு பிள்ளைகளின் தாய்.

2025 ஆவணியில் திருச்சிக்கு அருகே ஒரு முகாமில் அந்தச் சகோதரியின் மகளுக்குக் கலியாணம். (இந்த முகாம்களை 2021இலிருந்து தமிழ்நாட்டு அரசு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று அழைக்கிறது.) முப்பத்தைந்து வருடமாகக் காணாத சகோதரி. கணவருக்குக் கொழும்பு வேலையில் லீவு இல்லை. ஆகவே அக்கா, எழுபத்தொரு வயது மாமியார், பன்னிரண்டு வயது மகள், ஏழு வயது மகன் ஆகிய நான்கு பேரும் போவதென்று முடிவாயிற்று. நால்வருமே அதுவரை விமானம் ஏறியதில்லை.

கடவுச்சீட்டு விடயம் கண்டியிலேயே முடிந்தது. இங்கே பிராந்தியக் காரியாலயம் இருக்கிறது, இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயமும் இருக்கிறது. சிக்கல் வந்தது பெயரில்தான். தோட்டத்துக் கிளாக்கர் அன்று எழுதிய பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இருப்பது இன்னொரு மாதிரி. மலையகத்தில் இது வீட்டுக்கு வீடு உள்ள கதை. கடவுச்சீட்டில் எந்த எழுத்து இருக்கிறதோ அதே எழுத்துத்தான் டிக்கட்டிலும் இருக்க வேண்டும். ‘அம்மா’ என்பதில் ஓர் எழுத்து குறைந்தாலும் கவுண்டரில் நிறுத்திவிடுவார்கள். டிக்கட் எடுத்துக் கொடுத்தவரிடம் அன்றே காட்டித் திருத்தினோம்.

எல்லாம் சரிவந்த பிறகுதான் அக்கா ஒருநாள் தனியாக வந்து, “மிஸ், நான் போகேல்ல. மாமியும் பிள்ளைகளும் போகட்டும்” என்றார்.

காரணத்தைச் சொல்ல வெகு நேரம் எடுத்தார். விமான நிலையத்தில் இரும்பு இருந்தால் மெஷின் சத்தம் போடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சத்தம் போட்டால் எங்கே என்று தேடுவார்கள். தேடினால் தழும்பைக் காண்பார்கள். 2009இல் ஓமந்தையில் தழும்புள்ளவர்களைத் தனியாக நிறுத்தி விசாரித்ததை அவர் கண்ணால் கண்டவர். “நான் இயக்கத்தில இருக்கேல்ல மிஸ். ஆனா அந்த நேரம் அதை ஆர் கேட்டது?” அதற்குப் பிறகு பதினாறு வருடமாக அந்தக் காலை அவர் பிள்ளைகளுக்கும் காட்டியதில்லை.

நம் வாசகிகளில் பலருக்கும் உடம்பில் இப்படி ஏதோ ஒரு துண்டு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆகவே நாங்கள் செய்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனோம். வன்னியில் மருந்து கட்டிய துண்டுகள் எதுவும் அவரிடம் இல்லை. புதிதாக எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு தரம் அலைய வேண்டியிருந்தாலும், டொக்டர் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதித் தந்தார். அதில் ‘செல்’ என்றோ ‘யுத்தம்’ என்றோ ஒரு சொல் இல்லை. வலது தொடையில் உலோகத் துண்டு ஒன்று இருக்கிறது, எடுப்பது உகந்ததல்ல, அவ்வளவுதான். கடிதத்தை வாசித்துச் சொன்னபோது, “இவ்வளவுதானா?” என்று அக்கா இரண்டு தரம் கேட்டார். இவ்வளவுதான். விமான நிலையத்தில் தெரிய வேண்டியது உள்ளே இருப்பது உலோகமா, ஆயுதமா என்பது மட்டுமே. எலும்பில் தகடு வைத்தவர்களும், இருதயத்தில் கருவி வைத்தவர்களும் நாள்தோறும் இதே மாதிரிக் கடிதத்தோடு போய் வருகிறார்கள். துண்டு சிறிதென்றால் சத்தம் வராமலே போகவும் கூடும். வந்தால், பெண் உத்தியோகத்தர்தான் சோதிக்க வேண்டும். பலர் முன்னால் வேண்டாம், மறைவாகச் சோதியுங்கள் என்று கேட்கலாம். கேட்பது குற்றமல்ல.

கடிதம் கிடைத்தும் நடுக்கம் போகவில்லை. யூனிபோர்ம் போட்ட ஒருவர் உடம்பைத் தொடுவதே அவருக்குப் பெரிய விடயம். அப்போதுதான் தலதா மாளிகை நினைவுக்கு வந்தது. 1998 ஜனவரி 25ஆம் திகதி குண்டு நிறைத்த லொறி அங்கே வெடித்துப் பலர் இறந்த பிறகு, மாளிகைக்குப் போகும் எல்லோரையும் சோதித்துத்தான் விடுகிறார்கள். பெண்களுக்குத் தனி வழி, பெண் உத்தியோகத்தர்கள். கண்டியில் பதினான்கு வருடம் இருந்தும் அக்கா அந்த வாசலால் உள்ளே போனதில்லை. வாவிக்கரை மட்டும் வந்து மீனுக்குப் பொரி போட்டுவிட்டுத் திரும்பிவிடுவாராம்.

ஒரு புதன்கிழமை காலையில் எல்லோரும் போனோம். தோளும் முழங்காலும் மறைய உடுத்து, பையைத் திறந்து கையில் பிடித்து, வரிசையில் நின்றோம். முதலில் நான், பிறகு மகள், பிறகு அக்கா. அவருடைய கைகள் நடுங்கியதை அந்த உத்தியோகத்தரும் கண்டிருக்க வேண்டும். கொஞ்சம் வயதானவர். மெதுவாகத் தடவிப் பார்த்துவிட்டு, “யன்ன நங்கி” என்றார். போங்கள் தங்கச்சி. அவ்வளவுதான். அடுத்த வாரமும் போனோம். மூன்றாம் தரம் அக்கா என்னை விட்டுவிட்டு மாமியாரோடு தானே போய் வந்தார்.

மாளிகைக்கு முன்னாலேயே பத்தினி தேவாலயம் இருக்கிறது. பத்தினி என்பது நம் கண்ணகிதான். முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்குப் பொங்கி வளர்ந்தவர் அக்கா. அங்கே ஒரு விளக்கேற்றி வெகு நேரம் நின்றார். நான் அவசரப்படுத்தவில்லை.

அக்காவைச் சமாளித்தாலும் மாமியாரைச் சமாளிப்பது இலேசாக இருக்கவில்லை. பாட்டியின் வெற்றிலைப் பைக்குள் பாக்கு, சுண்ணாம்பு டப்பி, ஒரு பாக்குவெட்டி. விமானத்துக்குள் கொண்டுபோகும் கைப்பையில் கத்தி, கத்தரிக்கோல், பாக்குவெட்டி எதுவும் கூடாது, பெரிய பெட்டியில் போட வேண்டும் என்றேன். “எங்க மாமியார் குடுத்தது. அம்பது வருசமா மடியிலதான் இருக்கு. பெட்டியில போட்டு யார்கிட்டயோ குடுக்குறதா?” என்று கோபித்துக்கொண்டார். கடைசியில் பாக்கை வீட்டிலேயே சீவி ஒரு சிறு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தாள் பேத்தி. பாக்குவெட்டி பெட்டிக்குப் போயிற்று.

பாட்டிக்குச் சுங்கச் சோதனை புதிதல்ல. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான பிறகு, பக்கத்து லயத்துக் குடும்பங்கள் ரயிலேறித் தலைமன்னார் போய்க் கப்பலில் இந்தியா போனதை அவர் கண்டவர். தம்பியை வழியனுப்பத் தலைமன்னார் வரை போயிருக்கிறார். “மூட்டைய எல்லாம் அவுத்துப் போட்டுப் பார்த்தாங்க. திருப்பிக் கட்டுறதுக்குள்ள கூப்பிட்டுட்டாங்க” என்றார். அந்தக் கப்பல் 1984இல் நின்றது. தம்பியின் கடிதங்கள் அதற்கு முன்பே நின்றுவிட்டன.

இம்முறை மூட்டை அவிழாமல் இருக்கப் பொருட்களைப் பிரித்துக் கட்டினோம். கித்துள் பாணிப் போத்தலும் மிளகாய்த்தூளும் பெரிய பெட்டிக்குள். 2006இல் இலண்டனில் திரவ வெடிமருந்தால் விமானங்களைத் தகர்க்கும் சதி பிடிபட்டதிலிருந்து, கைப்பையில் எந்தத் திரவமும் நூறு மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தலில் கூடாது. தைலம், களிம்பு, பற்பசையும் திரவக் கணக்குத்தான். பாட்டியின் பிரஷர் குளிசைகளும் மருந்துச் சிட்டையும் கைப்பையில். போனுக்கு மின்சாரம் ஏற்றும் பவர் பேங்கும் கைப்பையில்தான், பெட்டியில் கூடாது. பெட்டியைச் சந்திக் கடைத் தராசில் வைத்து நிறுத்தும் பார்த்தோம்.

நகை விடயத்தில்தான் அக்காவோடு எனக்குச் சிறு மனத்தாங்கல். கலியாண வீட்டுக்கு வெறுங்கழுத்தோடு போகக் கூடாதென்று கொழுந்தியிடம் மாலையும் காப்புகளும் இரவல் வாங்கி வைத்திருந்தார். கொழும்பு - திருச்சி வழியில் தங்கம் கடத்துவோர் அடிக்கடி பிடிபடுவதால் சுங்கத்தார் அங்கே கூர்மையாகப் பார்ப்பார்கள். 2023இல் சென்னை விமான நிலையத்தில் இலங்கைப் புதுமணப்பெண் ஒருவரின் தாலிக்கொடியையே சுங்க அதிகாரி ஒருவர் எடுத்து வைத்துக்கொண்டார். திருப்பிக் கொடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2025இல் உத்தரவிட்டது. நீதி கிடைத்ததுதான், ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் வழக்காட நம்மால் முடியுமா? இரவல் நகைக்கு ரசீதுமில்லை. சொந்த நகை கொண்டுபோவோர் ரசீதும் படமும் வைத்திருப்பதும், போகும்போதே சுங்கத்தில் காட்டிப் பதிவதும் நல்லது. அக்கா ஒரு நாள் என்னோடு பேசவில்லை. மறுநாள் இரவல் நகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பக்கத்து வீட்டார் ஒருவர் ‘திருச்சியில் ஒரு பொடியன் வந்து வாங்குவான்’ என்று ஒட்டிய பார்சல் ஒன்றைக் கொண்டுவந்தார். திறந்து காட்டச் சொன்னோம். பிறகு தருகிறேன் என்று போனவர் வரவில்லை. உள்ளே இருந்தது வெறும் துணியாகவும் இருக்கலாம். ஆனால் பிடிபட்டால், கொண்டுபோனவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

புறப்பட்டது நடுநிசி தாண்டி. பேராதனை கடந்து கடுகண்ணாவ வளைவுகளில் இறங்கும்போது சின்னவன் இரண்டு தரம் வாந்தி எடுத்தான். மலைப்பாதையில் வரும் தாய்மார் கையில் பொலித்தீன் பையும் ஒரு மாற்றுச் சட்டையும் வைத்திருக்க வேண்டும். விமான நிலைய வாசலிலேயே பெட்டிகளை மெஷினில் போட்டுத்தான் உள்ளே விடுவார்கள் என்பதால், மூன்றரை மணித்தியாலம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் நான் நின்றுவிட்டேன். அக்கா கடிதத்தைக் கையில் பிடித்தபடி உள்ளே போனார். கண்ணாடிக்கு அப்பால் பாட்டியின் வெள்ளைச் சேலை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது.

திரும்பி வரும் வழியில் விடிந்துவிட்டது. பஸ்யாலைக்கு அருகில் கஜு விற்கும் பெண்கள் கடை விரித்துக்கொண்டிருந்தார்கள். வேனை நிறுத்தி ஒரு பக்கற் வாங்கினேன். கையில் வைத்திருந்தேனே தவிர, சாப்பிட மனம் வரவில்லை. மதியம் தாண்டித்தான் போன் வந்தது.

“சத்தம் போட்டது மிஸ்” என்றார் அக்கா. “நான் கடிதத்தை நீட்டினன். அவ வாசிச்சிட்டு, அந்தக் கோலைக் கால்கிட்டப் பிடிச்சுப் பார்த்தா. நோகுதா எண்டு கேட்டா. மழைக்கு மட்டும் நோகும் எண்டன்.”

“பிறகு?”

“பிறகென்ன, போகச் சொன்னா.”

சகோதரியைக் கண்டீர்களா என்று கேட்டேன். பின்னால் ஒரே இரைச்சல். சகோதரி வாசலில் ஓடிவந்து முதலில் கட்டிப்பிடித்தது பன்னிரண்டு வயது மகளைத்தானாம். பிரியும்போது அக்காவுக்கும் பன்னிரண்டு வயது.

இரண்டு வாரம் கழித்து மறுபடி அழைத்தார். சமயபுரத்தில் பாட்டி கொப்பரை வாங்கி வைத்திருக்கிறார், பெட்டியில் போடலாமா என்று கேட்டார். கூடாது, காய்ந்த கொப்பரையில் எண்ணெய் மிகுதி, தீப்பற்றும் என்று 2022இல் இந்தியாவில் பெட்டிக்குள் வைப்பதைத் தடைசெய்துவிட்டார்கள் என்றேன். பாட்டி பின்னாலிருந்து என்னை ஏதோ சொல்வது கேட்டது.