தோணிக்காரன் எரிந்த பின்

‘டொக்டர் நோ’ என்னும் ஆங்கில உளவுப் படத்தை முதன்முறையாகப் பார்த்தபோது நாம் பல்கலைக்கழக மாணவராயிருந்தோம். ஷோன் கொனரியின் நடையும், கென் அடம் அமைத்த விந்தை மண்டபங்களும் எம்மை மயக்கின என்பதை மறைப்பதற்கில்லை. விறுவிறுப்பு என்ற அளவில் அப்படம் இன்றும் சோடை போகவில்லை. ஆயினும், அண்மையில் எமது உயர்தர வகுப்பு மாணவருடன் அதனை மீண்டும் பார்த்தபோது எமது பழைய கருத்தைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது.

இயன் பிளெமிங் 1958 இல் வெளியிட்ட நாவலைத் தழுவி டெரன்ஸ் யங் இயக்கிய படம் இது. கதை ஜமேக்காவில் நிகழ்கிறது. 1962 இன் தொடக்க மாதங்களில் அங்கே படப்பிடிப்பு நடந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் 6 ஆந் திகதி ஜமேக்கா விடுதலை பெற்றது. ஒக்டோபரிற் படம் லண்டனில் திரையேறிற்று. படம் மக்களை எட்டியபோது அதிற் காணும் காலனித்துவ அரசு மறைந்துவிட்டது. திரையிலோ அது நிலைபெற்றே நின்றது. ஆபத்து நேர்ந்தால் லண்டனிலிருந்து ஒரு கனவான் வந்து தீர்த்துவைப்பான். தீவின் மக்கள் ஏவல் செய்வர்.

தயாரிப்பாளர்கள் கெட்டிக்காரர்கள். நாவலிற் சோவியத்துக்காக உழைத்த வில்லனை, எந்நாட்டையுஞ் சாராத ‘ஸ்பெக்டர்’ என்னும் கற்பனைக் கும்பலின் ஆளாக்கினர். பனிப்போர் வெறி தணிந்தது, நிறவெறி தணியவில்லை. பாதிச் சீனனான அவ்வில்லனாக நடித்தவர் கனடாவிற் பிறந்த வெள்ளையரான ஜோசப் வைஸ்மன்.

இவர்களுக்கிடையே குவாரல் என்றொரு கறுப்பினத் தோணிக்காரன் வருகிறான். அமெரிக்கக் கறுப்பின நடிகர் ஜோன் கிற்ஸ்மில்லர் அப்பாத்திரத்தை ஏற்றார். வில்லனின் தீவுக்குப் பொண்டைக் கொண்டுசேர்ப்பவன் அவனே. அங்கே டிராகன் உண்டென்று அவன் அஞ்சுவது நகைப்புக்குரியதாக்கப்படுகிறது. தன் சப்பாத்துக்களை எடுத்துவரும்படி பொண்ட் அவனை ஏவுகிறான். டிராகன் என அவன் அஞ்சியது தீ உமிழும் ஓர் ஊர்தி. அத்தீயிலேயே அவன் எரிந்து மடிகிறான். பின்னர் இராப்போசன மேசையிற் பொண்டின் வாயில் அவன் பெயர் ஒருமுறை வருகிறது. அவ்வளவே.

படம் முடிந்ததும், கடற்றொழிலாளி ஒருவரின் மகன் எம்மிடங் கேட்டான்: “அந்தத் தோணிக்காரனுக்குப் பெண்சாதி பிள்ளையள் இல்லையோ, சேர்?”

நாம் வாய் திறக்கவில்லை. கம்பனின் குகப் படலத்தைப் பலமுறை கற்பித்தவர் நாம். இராமன் ஓடக்காரனைத் தம்பியென ஏற்றதைப் போற்றியதோடு, அவ்வுறவும் ஆள்வோன் மனமிரங்கி அளித்ததே என்று வகுப்பில் வாதித்தவரும் நாமே. அத்தகைய எமது கண்ணுக்கு, தம்பியென்றும் அழைக்கப்படாத இத்தோணிக்காரன் இத்தனை காலமும் தென்படவில்லை. நாமும் கதாநாயகனின் பக்கத்திலேயே அமர்ந்து படம் பார்த்திருக்கிறோம்.

இத்தகைய படங்களை ஒதுக்கவேண்டுமென்று நாம் கூறவில்லை. மாணவர் பார்க்கட்டும், இரசிக்கட்டும். ஆனால், யாருடைய சாவுக்குக் கதை நின்று வருந்துகிறது, யாருடைய சாவைத் தாண்டிச் செல்கிறது என்று கேட்கவும் பழகட்டும். அம்மாணவனின் கேள்வியையே அடுத்த கிழமைக்குரிய கட்டுரைத் தலைப்பாக வகுப்புக்குக் கொடுத்திருக்கிறோம்.