அம்மா செயினும் ஈல்டு பாயின்ட்டும்!

காலேஜ் ஆண்டு மலருக்கு ஒரு கதை எழுதினேன். அம்மா தன் செயினை அடகு வைக்கிறாள், மகன் அழுகிறான், முற்றும். படித்த ரூம்மேட் கேட்டான்... 'எல்லாம் சரி மச்சி, எதுக்குடா அடகு வெச்சாங்க?'

'கஷ்டம்டா!' என்றேன்.

'கஷ்டம் எல்லார் வீட்லயும்தான் இருக்கு' என்று பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டான். செம பல்பு!

லைப்ரரிக்கு ஓடினேன். குஸ்டாவ் ஃப்ரைடாக் என்கிற ஜெர்மன்காரர் 1863-லேயே நாடகத்தை ஐந்தாகப் பிரித்து, பிரமிடு மாதிரி படமே போட்டிருக்கிறார். தொடக்கம், ஏற்றம், உச்சம், இறக்கம், முடிவு. என் கதையில் ஏற்றம்தான் மிஸ்ஸிங். உடனே மழை, கரன்ட் கட், தாத்தாவுக்குக் காய்ச்சல் என்று நாலு சம்பவத்தைச் சேர்த்தேன். இன்னும் மொக்கையானது!

விடை கிடைத்தது எங்க ஸ்ட்ரென்த் லேபில். இரும்புக் கம்பியை மெஷினில் மாட்டி இழுப்போம். ஓரளவு வரை, லோடை எடுத்தால் கம்பி பழைய நீளத்துக்கே வந்துவிடும். ஈல்டு பாயின்ட்டைத் தாண்டிவிட்டால் வராது. அதுக்கப்புறம் இழுக்க இழுக்க இளைத்து, ஒரு நொடியில் 'டப்'!

சிலப்பதிகாரமும் அப்படித்தானே? (தமிழ் சார் மன்னிப்பாராக!) மாதவியின் பாட்டைத் தப்பாகப் புரிந்துகொண்டு கிளம்புகிறான் கோவலன். சொத்தெல்லாம் காலி. கண்ணகி சிலம்பை நீட்டுகிறாள். அதை முதலாக வைத்துப் பிழைக்கலாம் என்று மதுரை. அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனிடமே போய் மாட்டியது தற்செயல்தான். ஆனால், அதுவரை நடந்ததெல்லாம் அவங்கவங்க எடுத்த முடிவு. ஊடலில் இருக்கும் அரசியைச் சமாதானப்படுத்தும் அவசரத்தில், விசாரிக்காமலே உத்தரவு போட்ட பாண்டியன் உட்பட. ஒவ்வொரு முடிவும் திரும்பிப் போகிற வழியை அடைத்துக்கொண்டே வருகிறது.

அப்போதுதான் உறைத்தது. என் கதையில் யாருமே எந்த முடிவும் எடுக்கவில்லை. நிஜத்தில் எடுத்தவன் நான். கவுன்சலிங்கில் கிடைத்த சீட்டை விட்டுட்டு, 'ஃப்ரெண்ட்ஸ் சேர்ற காலேஜ்தான் வேணும்' என்று இரண்டு நாள் சாப்பிடாமல் அடம்பிடித்தேன். மேனேஜ்மென்ட் சீட்! கதையில் வசதியாக அதை வெட்டிவிட்டு, அழுகிற மகனை மட்டும் வைத்திருந்தேன்.

நேற்று ராத்திரி போன் போட்டேன். 'செயினை என்னைக்கும்மா அடகு வெச்ச?'

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. 'நீ ரெண்டாவது நாளும் சாப்பிடாமப் படுத்தியே... மறுநாள் காலைல' என்றாள் அம்மா. 'எதுக்குடா இப்ப அதெல்லாம்? சாப்ட்டியா?'