கழுத்துக்கும் ஒரு காவல்

செஞ்சியில் பிறந்தவர்களுக்குக் கோட்டையின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகள். குன்றுக்கும் குன்றுக்கும் இடையே மதில் எழுப்பி இணைத்ததால்தான் அவை கோட்டையாயின. 1690-இல் முற்றுகையிட்ட முகலாயப் படை 1698-இல்தான் அதைக் கைப்பற்ற முடிந்தது. இடைவெளி விடாமல் காப்பதே காவல் என்பதை அம்மதில்கள் இன்றும் சொல்லி நிற்கின்றன.

மருத்துவமனைகளின் எக்ஸ்ரே அறைகளில் அப்படியோர் இடைவெளி இருக்கிறது. அதை நான் அறிந்தது என் சித்தப்பாவால். இருபத்தைந்து ஆண்டுகளாக எக்ஸ்ரே எடுப்பது அவர் தொழில். எலும்பு முறிவு அறுவையின்போது கதிர்க்கருவியை இயக்குபவரும் அவரே. தோளிலிருந்து முழங்கால் வரை ஈய அங்கி மூடியிருக்கும். கழுத்து மட்டும் திறந்திருக்கும். அங்கே இருப்பது ஒரே ஒரு கழுத்துப்பட்டை. அது அறுவை செய்யும் டாக்டருக்குப் போய்விடும்.

சென்ற ஆண்டு அவர் கழுத்தில் ஒரு கட்டி தென்பட்டது. ஊசி செலுத்திச் சோதித்தார்கள். புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தது. அன்றுதான் எங்கள் சித்தி வயிறாரச் சாப்பிட்டார். “இந்த வேலையாலதான் வந்ததா, சித்தப்பா?” என்று கேட்டேன். “யாருடா சொல்ல முடியும்? எக்ஸ்ரே பக்கமே போகாதவங்களுக்கும் வருதே” என்றார்.

அவர் சொன்னது உண்மை. தைராய்டுக் கட்டி பலருக்கும் வருவதுதான். கதிரால் மிகுதியும் தாக்குறுவது குழந்தைகளின் தைராய்டு. 1986-இல் செர்னோபில் விபத்துக்குப் பின், கதிரியக்க அயோடின் கலந்த பாலைக் குடித்த சிறுவர் பலருக்குத் தைராய்டுப் புற்றுநோய் கண்டது. வளர்ந்தவர்களுக்கு ஆபத்து குறைவு. ஆனால், குறைவு என்றால் இல்லை என்று பொருளாகாது.

1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டறிந்தபோது அதன் கொடுமையை உலகம் உணரவில்லை. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, கதிரால் கைகளை இழந்து 1904-இல் மாண்டார். அத்தகையோர் பட்ட துன்பத்திலிருந்தே இன்றைய பாதுகாப்பு விதிகள் பிறந்தன. நம் நாட்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983-இல் அமைந்தது. கதிர்ப் பணியாளர் பெறும் அளவு, ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டலாகாது என்பது விதி. அதை அளக்கவே டி.எல்.டி. பேட்ஜ்.

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டும். பேட்ஜை மார்பில், ஈய அங்கிக்கு உள்ளே அணிகிறார்கள். மதிலுக்கு உள்ளே நிற்கும் காவலன் அது. வெளியே நிற்கும் கழுத்தின் நிலையை அது அறியாது. நோயாளியின் உடலில் பட்டுச் சிதறும் கதிர் கழுத்தில் படுவதை யார் கணக்கெடுப்பது?

இயற்பியல் மாணவர்கள் அறிவார்கள்: தொலைவு இரு மடங்கானால் கதிரின் செறிவு நான்கில் ஒரு பங்காகும். விலகி நிற்க முடிந்தவர்களுக்கு அதுவே போதும். குழந்தையைப் பிடித்துக்கொண்டும், அறுவை மேசையருகிலும் நிற்பவர்கள் எங்கே விலகுவது?

கதிரியல் பயிலப் போகும் நண்பர்களே! பணியில் சேரும் முதல் நாளே கழுத்துப்பட்டை எத்தனை இருக்கிறது என்று கேளுங்கள். உள்ளே நிற்பவர் ஒவ்வொருவருக்கும் ஒன்று வேண்டும். நாம் கேட்பது அரை மில்லிமீட்டர் ஈயத்துக்கு ஈடான ஒரு பட்டைதான்.