புதுவாயல்: திரூர் நெல் உலகம் சுற்றிய கதை

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனால் செங்குன்றம், காரனோடை, பஞ்செட்டி, தச்சூர் தாண்டி வருவது புதுவாயல் கூட்டுரோடு. மேற்கே பிரியும் சாலை ஆரணி வழியாகப் பெரியபாளையம் போகிறது. ஆடி மாதத்தில் பவானி அம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டமும், வருடம் முழுக்க கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போகும் கன்டெய்னர் லாரிகளும் சந்திக்கிற இடம் இது. சாலையை விட்டு இறங்கிவிட்டால் நெல் வயல்தான். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டங்கள்.

இந்தப் பகுதியின் வரமும் சாபமும் ஆரணியாறு. ஆந்திராவில் பிறந்து, பிச்சாட்டூர், ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாக வந்து பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பிச்சாட்டூர் ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால் கரையோர ஊர்களில் யாருக்கும் தூக்கம் இருக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மாவட்டத்தில் சம்பா பயிர் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பிறகு இந்தப் பக்கத்து விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: தண்ணீரைத் தாங்குகிற நெல் ரகம் ஏதாவது உண்டா?

உண்டு. அது எப்படி வந்தது என்று பார்க்க, இதே மாவட்டத்தின் இன்னொரு மூலைக்குப் போக வேண்டும். திருவள்ளூரை அடுத்த திரூரில் ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.கே.எம். என்று தொடங்கும் ரகங்கள் எல்லாம் இங்கே பிறந்தவை; அந்த எழுத்துகள் திரூர்குப்பத்தைக் குறிப்பவை. 1952-ல் இங்கிருந்து வெளிவந்த டி.கே.எம்.6, ஜி.இ.பி.24-ஐயும் கோ 18-ஐயும் சேர்த்து உருவாக்கியது. கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1971-ல்தான் வந்தது. அப்போது இது அரசு வேளாண்மைத் துறையின் வேலை.

பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் வேளாண் கல்லூரியை ஒட்டி, லாஸ் பானோஸில் 1960-ல் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. குருத்துப்பூச்சியைத் தாங்கும் குணத்தைத் தேடியவர்களுக்கு டி.கே.எம்.6 கிடைத்தது. அதைக் குட்டை ரகத்தோடு சேர்த்து 1969-ல் வெளியிட்டதுதான் ஐ.ஆர்.20. தமிழ்நாட்டில் சம்பாவிலும் தாளடியிலும் அது எத்தனை வருடம் ஓடியது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். அடுத்து 1973-ல் வந்த ஐ.ஆர்.26-ம் டி.கே.எம்.6-ன் பிள்ளைதான், ஆனால் சில வருடங்களிலேயே புகையான் அதை மீறிவிட்டது. 1976-ல் ஐ.ஆர்.36 வந்தது. அதன் வம்சாவளியிலும் டி.கே.எம்.6 உண்டு. 1980-களில் உலகம் முழுவதும் சுமார் 1.1 கோடி ஹெக்டேரில் அது பயிரானது. இந்தப் பணிக்காக குர்தேவ் சிங் குஷ், ஹென்றி பீச்செலுடன் சேர்ந்து 1996-ல் உலக உணவுப் பரிசு பெற்றார். திரூர் வயலில் நின்ற ஒரு நெல்லின் குணம் இந்தோனேசியா வரை சோறு போட்டிருக்கிறது. மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

வெள்ளத்தைத் தாங்கும் குணமும் இப்படி ஊர் சுற்றியே வந்தது. ஒடிசாவின் பழைய ரகமான எஃப்.ஆர்.13ஏ, தலைக்கு மேல் தண்ணீர் நின்றாலும் வளர்ச்சியை நிறுத்திச் சத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும். அந்தக் குணத்துக்குக் காரணமான சப்1 மரபணுவை கலிபோர்னியா பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் லாஸ் பானோஸ் நிலையமும் சேர்ந்து கண்டுபிடித்து 2006-ல் வெளியிட்டார்கள். அதைச் சேர்த்த சுவர்ணா சப்1 ரகம் 2009-ல் இந்தியாவில் வெளியானது. தமிழ்நாட்டுக்கு ஏற்றது சி.ஆர்.1009 சப்1.

ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். சப்1 ரகம் முழுவதும் மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை தாங்கும். பூக்கும் பருவத்தில் மூழ்கினால் காப்பாற்றாது. சி.ஆர்.1009-க்கு வயது 155 நாளுக்கு மேல். அதனால் தாமதமாக விதைத்தால் அறுவடையும் தள்ளிப்போகும், நவரைக்கு வயல் கிடைக்காது. இன்னொன்று, திரூரிலிருந்து 2015-ல் வந்த டி.கே.எம்.13 சுவர்ணாவுக்குப் பிறந்தது. 130 நாள், சன்ன அரிசி. சுவர்ணாவின் பிள்ளைதானே, வெள்ளத்தைத் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அதில் சப்1 இல்லை.

எந்த ரகமானாலும், மூழ்கிய பயிரை விட்டுவிட வேண்டியதில்லை. தண்ணீரை வடித்தபின் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துப் போட வேண்டும். பயிர் தெளியும்.

விதை வந்து சேர்ந்தாலும் போதாது, விதைக்க நிலமும் வேண்டும். சித்தூரிலிருந்து வரும் புதிய ஆறுவழிச் சாலை பக்கத்துத் தச்சூரில் வந்து முடிகிறது. அதற்காக நஞ்சை நிலங்கள் போயிருக்கின்றன. கூட்டுரோட்டைச் சுற்றி மனைக் கற்கள் முளைக்கின்றன. வரத்துக் கால்வாய்களும் வடிகால்களும் அந்த மனைகளுக்குள் சிக்கிக்கொண்டால் எந்த மரபணுவும் தண்ணீரை வடித்துக் கொடுக்காது. பல்கலைக்கழகங்கள் கண்டம் தாண்டிச் சேர்ந்து வேலை செய்தாயிற்று. ஊரின் வடிகாலைத் தூர் வாருவது இங்கே நடக்க வேண்டிய வேலை.

சம்பாவுக்கு சி.ஆர்.1009 சப்1 வேண்டுமென்றால் ஆனி மாதமே வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ, திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ விதை இருப்பைக் கேட்டுவிடுவது நல்லது. ஆவணி முடிந்தபின் கேட்டால், விதை கிடைத்தாலும் பட்டம் தப்பிவிடும்.